மேபலுக்குத் துணையிருந்தவன்

சின்னப் பிள்ளைகளின் வாங்கில் பெரிய ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் நாடியில் வந்து இடிக்கும். நாற்பத்தொரு வயதில் தொடங்கி இரண்டரை வருடம் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து மூன்றாம் வகுப்புக்குப் போன மனிதன் இந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான்.

அதிபர் இராமநாதன் ஐயா, பாடசாலை மலருக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். "துணை வகுப்பால நீங்க அடைஞ்ச நன்மைய எழுதுங்க, கபிரியேல். பெத்தவங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கும்" என்றீர்கள். நன்மை அடைந்தது உண்மை. அதை எப்படி அடைந்தேன் என்பதையும் எழுதாவிட்டால் பக்கம் நிரம்பாது போலிருக்கிறது.

நீங்கள் இங்கே வருவதற்கு முன், தொண்ணூற்றாறாம் வருடம் அது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று பாயிஸா டீச்சர் பின்னேரத்தில் இந்தத் துணை வகுப்பைத் தொடங்கினார். கண்டியிலிருந்து இரண்டு பஸ் ஏறி கலஹாவுக்கு வந்து, அங்கிருந்து மலைக்கு நடந்து வருகிற டீச்சர் அவர். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு. அவர்களைச் சனிக்கிழமைகளில் பேராதனைப் பக்கம் ஒரு பெரிய பாடசாலைக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே நூலகம், சித்திரம், நுணுக்குக்காட்டி எல்லாம் உண்டு. அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் பிறகு புலமைப்பரிசில் பாஸாகி டவுன் பாடசாலைகளுக்குப் போனார்கள். எங்கள் லயத்து வீடுகளில் முதலாவதை மக்கு வகுப்பு என்றும் இரண்டாவதை பஸ் வகுப்பு என்றும் சொல்வோம்.

மக்கு வகுப்புக்கு ஒரு சட்டம் இருந்தது. பிள்ளையின் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் உட்கார வேண்டும். பெண்கள் மாலை நாலரை வரை கொழுந்து பறித்துக்கொண்டு மலையில் நிற்பார்கள். ஆண்களுக்குக் கவ்வாத்துக் கணக்கு ஒரு மணிக்கு முடிந்துவிடும். ஆகவே அப்பன்மார்தான் போக வேண்டியிருந்தது. முதல் நாள் எட்டுப் பேர் போனோம். இரண்டாவது கிழமையில் ஏழு பேருக்குத் தவறணைக் கள்ளு ஞாபகம் வந்துவிட்டது. ஆள் வராத பிள்ளைகளை டீச்சர் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

என் மகள் மேபல் அந்த வகுப்புக்கு வந்தது மக்காக இருந்ததால் அல்ல. முந்தைய வருடம் டைபாய்ட் என்கிற நெருப்புக் காய்ச்சலில் ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு தவணை முழுக்கப் போய்விட்டது.

முதல் நாள் டீச்சர் வரவு இடாப்பை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். நான் பெருவிரலை நீட்டினேன். மைப்பெட்டி இல்லை. அவர் தன் சிவப்புப் பேனாவால் என் விரலில் கிறுக்கி, அதை இடாப்பில் அழுத்தச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். மேபல் மட்டும் சிரிக்காமல், "வெரல நல்லா துடைங்கப்பா, கொப்பில பட்டுரும்" என்றாள்.

டீச்சர் கரும்பலகையில் பிள்ளைகளுக்குக் காட்டுவார். மேபல் தன்னுடையதை முடித்துவிட்டு எனக்குக் காட்டுவாள். நான் எழுதுவதைப் பார்த்தால் மண்புழு மழையில் நனைந்து செத்த மாதிரி இருக்கும். ஒரு நாள் டீச்சர் வரிசையாகக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு வந்தவர், என் கடதாசியையும் எடுத்து, நாலு சொல்லுக்குப் பக்கத்தில் நாலு சிவப்புச் சரி போட்டார். "நல்லம், கபிரியேல் அண்ணன்" என்றார்.

ஐயா, பதின்மூன்று வயதில் பேர் பதிந்து வேலைக்கு இறங்கியவன் நான். இருபத்தெட்டு வருடத்தில் என் வேலையைப் பார்த்து கங்காணி சொன்ன சொல் ஒன்றுதான்: "பத்தாது." அந்தக் கடதாசியை நான் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். என் மனைவி மதலேனா துவைக்கும்போது அது கூழாகிப் போனது. அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை. அவள், "பி.ஏ. சர்ட்டிபிக்கட்டு கிழிஞ்சு போச்சாம், தொரைக்குத் தொண்டைல சோறு எறங்கல" என்று பக்கத்து வீட்டுக் காம்பிரா வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். மலையில் என்னோடு கவ்வாத்து வெட்டுகிற வீரையா தன் பங்குக்கு, "என்னா கபிரியேலு, கணக்கப்புள்ள வேலைக்கு எப்ப மனுப் போடப் போற? எங்க பேர மட்டும் வெட்டிராத" என்பான். எனக்கு உறைக்கவில்லை. நாளைக்கு எத்தனை சரி விழும் என்று யோசித்துக்கொண்டு வெட்டுவேன். இரண்டு முறை கையையும் வெட்டிக்கொண்டேன்.

வகுப்புத் தொடங்கி ஐந்தாம் மாதம் ஒரு புதன்கிழமை, வகுப்பு முடிந்ததும் டீச்சர் எங்கள் வாங்குக்கு வந்தார்.

"அண்ணன், மேபல் படிப்பில எழும்பிட்டா. நல்ல கெட்டிக்காரியா ஈக்கிறா. தவணைப் பரீட்சை முடிஞ்சதும் சனிக்கிழமை வகுப்புக்குப் பேர் குடுக்கிறேன். இனி நீங்களும் கஷ்டப்பட்டு வரத் தேவல்ல."

மேபல் வாங்கை விட்டு எழும்பி நின்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் யார் உட்காருவது என்று அப்போதே கேட்டாள். நான் அப்போது சொற்றொடருக்கே வரவில்லை. 'மரம்' எழுதுவேன், 'மரத்தின் நிழல்' எழுத மாட்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு, ஐயா. பிள்ளைக்கு என்றால் எந்த வாசலிலும் நிற்போம். தோட்டத்து ஆபீசில், ஆஸ்பத்திரியில், கோயிலில் கைகட்டிக் கேட்போம். தனக்கென்று ஒன்றைக் கேட்க நாக்கு எழும்பாது. கேட்டவனைப் பற்றி லயம் ஒரு மாதம் பேசும். ஆகவே, எனக்குப் படிக்க ஆசையாக இருக்கிறது என்று ஒரு டீச்சரிடம் சொல்வதைவிட, என் பிள்ளைக்குப் படிப்பு இன்னும் வரவில்லை என்று சொல்வது லேசாகத் தெரிந்தது.

டீச்சர் திருத்துவதற்கு முன் பரீட்சைத் தாள்களைக் கட்டி அலுமாரியில் வைப்பது என் வேலை. வகுப்பு முடிந்தபின் ஜன்னல் சாத்த நிற்கிறவன் நான்தான் என்பதால் டீச்சர் அதை என்னிடம் விட்டிருந்தார். பிள்ளைகள் பென்சிலால்தான் எழுதுவார்கள். மேபலின் தாளை உருவி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். இருபது கேள்வி. எது சரி, எது பிழை என்று எனக்கே விளங்கியது. நான் படித்த படிப்பு எனக்குத் தந்த முதல் உதவி அதுதான். சரியான விடைகளில் பதினொன்றை அழிறப்பரால் அழித்துவிட்டுப் பிழையாக எழுதினேன். என் எழுத்து எட்டு வயதுப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருந்ததில் அன்றைக்குத்தான் எனக்கு வெட்கமில்லாமல் போனது.

டீச்சர் தாளை நெடுநேரம் பார்த்தார். "பரவால்ல, இன்னும் ஒரு தவணை இரிக்கட்டும்" என்றார். சனிக்கிழமை பஸ் மேபல் இல்லாமல் போனது. அவள் லயத்துக்கு மேலே ரோட்டில் நின்று அது வளைவு திரும்பும் வரைக்கும் பார்த்தாள். நான் திங்கட்கிழமை சொற்றொடர் எழுதத் தொடங்கினேன்.

அடுத்த தவணையும் அப்படித்தான். ஒரு வித்தியாசம், இந்த முறை அவள் அழுதாள். "எல்லாத்தையும் சரியாத்தாம்ப்பா எழுதுனேன். எப்படிப்பா பெழச்சிச்சி?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத மனது என்னுடையது. மடியில் இருத்தி, தலையைத் தடவி, சமாதானமாக ஒரு சொல் சொன்னேன்.

"ஒன் மேல பெழ இல்ல, தாயி. அந்தக் காய்ச்சல் மூளைய கொஞ்சம் சுட்டுருச்சின்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. நீ சரியா எழுதுறதா ஒனக்குத் தோணும். ஆனா அது பெழயா இருக்கும். அதுக்குத்தான் அப்பா பக்கத்துல இருக்கேன்."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது, தண்ணியைக் கொதிக்க வைத்துக் கொடு என்பது மட்டும்தான்.

சொன்னதும் அழுகை நின்றது. நல்ல மருந்துதான் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு அழிறப்பர் தேவைப்படவில்லை. வாசிக்க எழுப்பினால், சூடு இருக்கிறதா என்று இடது கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். ஒரு சொல்லை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். சரியாக வாசித்ததைத் தானே பிழையாக மாற்றி மறுபடி வாசிப்பாள். நான் தலையாட்டுவேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது இப்போது ஞாபகமில்லை என்று எழுதலாம். ஞாபகம் இருக்கிறது.

பாயிஸா டீச்சர் சும்மா இருக்கவில்லை. பிள்ளையைக் கண்டியில் ஒரு டாக்டரிடம் காட்டலாம், தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். நான் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்றேன். இடையில் என் கொப்பியைப் பார்த்து, "மக கஷ்டப்பட்டாலும் வாப்பா முன்னுக்கு வந்திட்டார்" என்று மற்றப் பிள்ளைகளிடம் சொல்வார். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசிலுக்கு யார் யாரை அனுப்புவது என்று பார்த்தபோது மேபலின் பேர் பட்டியலில் இல்லை. அந்த வருடம் நான் பத்திரிகையைத் தலைப்பிலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் வாசித்து முடித்தேன். இனி எனக்கு வகுப்புத் தேவையில்லை, பிள்ளையை எழுப்பிவிடலாம் என்று நினைத்தேன். எழுப்பிப் பார்த்தேன். "நீ கெட்டிக்காரிதான் புள்ள, வாசி" என்றேன். அவள் பொறுமையாக, "எனக்கு மூள சுட்டுருச்சிப்பா, மறந்துட்டீங்களா?" என்றாள்.

பதினான்கு வயதில் பாடசாலையை விட்டாள். பதினாறில் பேர் பதிந்தாள். நல்ல கை. ஒரு நாளைக்கு முப்பது கிலோ கொழுந்து சாதாரணமாக எடுப்பாள். கங்காணிகூட அவளைப் பத்தாது என்று சொன்னதில்லை.

எனக்குக் கிடைத்த நன்மைகளையும் சொல்லத்தானே வேண்டும். எங்கள் வேதக் கோயில் திருநாளில் பூசையின்போது பைபிளிலிருந்து முதல் வாசகத்தை என்னை வாசிக்கச் சொன்னார்கள். தோட்டத்துத் தொழிலாளி ஒருவன் மைக்குக்கு முன்னால் நின்று வாசித்தது அதுதான் முதல் தடவை. முன்வரிசையில் மேபல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் பக்கத்துக் காம்பிராப் பேச்சியம்மாளிடம், "எங்கப்பா மாதிரி யாருக்கு வரும், அக்கா? நாப்பது வயசுல படிச்சவரு. நானுந்தான் பக்கத்துல இருந்தேன், ஏறல" என்று சிரித்தாள். பேச்சியம்மாள் இந்து. என் குரலைக் கேட்கவே கோயிலுக்கு வந்ததாகச் சொன்னாள். எனக்கு ஒரு கிழமை நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் தவறணை, கெட்ட வார்த்தை, ஞாயிறு பூசை தவறியது எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. பத்துக் கட்டளையில் அழிறப்பரைப் பற்றி ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசிக்கத் தெரிந்தவனுக்கு இப்படியெல்லாம் ஓட்டை தேடத் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன் பேராதனை பஸ் நிறுத்தத்தில் பாயிஸா டீச்சரைக் கண்டேன். ஓய்வு பெற்றிருந்தார். என்னை அடையாளம் கண்டு, முதலில் மேபலைத்தான் கேட்டார். கொழுந்து மலையில் நிற்கிறாள் என்றேன். பிறகு பேச்சுவாக்கில், அந்தக் காலத்தில் எனக்கும் இன்னும் கொஞ்சம் படிக்க ஆசை இருந்தது, மேபல் எழும்பியிருந்தால் நான் வகுப்புக்கு வராமல் நின்றிருப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஏன் நிக்கணும்?" என்றார். "நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா, தனியா ஒரு வாங்கு போட்டுத் தந்திருப்பேனே, அண்ணன். அந்த வகுப்பில வந்த ஒரே வாப்பா நீங்கதானே."

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

ஆகவே ஐயா, துணை வகுப்பால் நான் அடைந்த நன்மை இது. என் மகளைக் காய்ச்சல் விட்டுவிட்டது, நான் விடவில்லை. அவள் மூளையைச் சுட்டது நான். இதை மலரில் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். உண்மையை எழுதிவிட்டேன், இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று மனது லேசாகத்தான் இருக்கிறது.

மேபல் அடுப்படியிலிருந்து இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். "எவ்வளவு எழுதிட்டீங்கப்பா" என்று வியந்தாள். எழுத்தைக் கண்டால் அவள் தானாக வாசிக்க மாட்டாள், என்னிடம்தான் தருவாள். முடிந்ததும் தனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். வாசித்துக் காட்டத்தான் போகிறேன். அவளுக்கு விளங்காத இரண்டு மூன்று இடங்களை மட்டும் விட்டுவிட்டு வாசித்தால் போதும்.