உறைந்துபோகும் மாப்பிள்ளை

— உன் லேப்டாப்தான் கலை. இங்க நெட் ஆபீஸ்ல உக்காந்தாலே நல்லாத் தெரியுது. லைன் மொத்தத்தையும் தின்னுக்கினு இருக்குது.

— கனெக்‌ஷன் குடுத்துட்டா வீட்டுக்குள்ள வேவு பாப்பியா வெற்றி? காலேஜ்ல என் பேப்பரை எட்டிப் பாத்த புத்தி இன்னும் போகல.

— அதைப் பாத்துதாம்மா ஃபெயிலானேன். விஷயத்துக்கு வா. டோரன்ட் போட்டிருக்கே. இறக்கறதோட நிக்காம, இறக்கினதை ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறிக்கினு இருக்குது உன் மெஷின். அப்புறம் வீடியோ கால் எப்பிடி ஓடும்?

— ஓடலன்னு யார் சொன்னது?

— உங்க குமரேசன் மாமா. திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு பஸ் புடிச்சு வந்து, இங்க நின்னு ஒரே பேஜாரு. மஸ்கட் மாப்பிள்ளை வாயைத் தொறந்தாலே சிலையாயிடறாராம்.

— போன வாரம் கொட்டாவியில நின்னுட்டாரு. ரொம்ப நேரம் அப்பிடியே இருந்தாரு. பல்லெல்லாம் நல்ல பல்லு.

— சிரிக்காத. இன்னிக்கு அஞ்சு மணி கால்ல நிச்சயத்துக்கு நாள் குறிக்கறாங்களாமே? டோரன்டை ஒரு சந்துல தள்ளிட்டு, வீடியோவுக்கு மெயின் ரோட்டை விட்டுடறேன். ஜல்தியா முடிஞ்சிடும்.

— வேணாம்.

— என்னாது?

— தள்ளாத. இருக்கட்டும்.

— அப்பிடி என்ன படம் இறக்கறே?

— டிராக்டர் ரிப்பேர். ரஷ்யன்ல. தொண்ணூறு ஜிபி.

— ஏய்... வேணும்னே பண்றியா?

— கண்டுபுடிச்சுட்டாருடா இன்ஜினியரு.

— மாப்பிள்ளை புடிக்கலன்னா வாயைத் தொறந்து சொல்லேன். என் நெட்டு மேல எதுக்குப் பழி?

— யார்கிட்ட சொல்ல? அம்மாவோட தம்பி கொண்டாந்த சம்பந்தம். நான் வேணாம்னா அப்பாதான் மாமா முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணும். ஒவ்வொரு காலுக்கும் அப்பா புதுச் சட்டை போட்டுக்கினு முதல் ஆளா வந்து உக்காந்துக்கறாரு. அவரு ஆசையை நான் எப்பிடிடா கெடுப்பேன்? இன்னிக்கும் கால் நின்னுபோச்சுன்னா, மஸ்கட்காரங்களே சலிச்சுப்போய் வேற எடம் பாத்துடுவாங்க.

— ஆனா உன் லேப்டாப் ஒண்ணே இவ்ளோ மக்கர் பண்ணாது கலை. உங்க வீட்ல ரெண்டு மெஷின் இழுக்குது. ஹால்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்குதுல்ல?

— அது அப்பாவோடது. அதுல சீட்டு ஆடறதோட சரி. டோரன்ட்னா என்னன்னே அவருக்குத் தெரியாது.

— போன மாசம் வரைக்கும் தெரியாது. முதல் கால் முடிஞ்ச மறுநாளே இங்க வந்து கத்துக்கினு போனாரு. என்ன படம் சார் வேணும்னேன். “எதுவா இருந்தா என்னடா, இருக்கறதுலயே பெருசா ஒண்ணு சொல்லு”ன்னாரு.