செம்பருத்தி வேலிக்கு ஏற்ற மிஷின்

வேலி வெட்டப் பெட்ரோல் மிஷின் வாங்கலாமா, பாட்டரி மிஷின் வாங்கலாமா என்று கேட்டீர்கள். நல்ல கேள்விதான் தம்பி. உள்ளே வந்து உட்காருங்கள், சொல்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்த வேண்டாம். இந்த லோரோங் தெருவில் எல்லாரும் என்னிடம் சத்தம் போட்டுத்தான் பேசுகிறார்கள். நீங்களும் குடிவந்த மறுநாளே அதைப் பழகிக்கொண்டீர்கள். நல்ல மனசில் செய்வதுதான், ஆனால் மெதுவாகப் பேசினாலே எனக்குப் போதும்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் இந்தச் செம்பருத்தியைப் பற்றிச் சொன்னால், கடையில் உங்களுக்குப் பெட்ரோல் மிஷினைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கிள்ளான் மழைக்கு இது கேட்காமலே வளரும். நாலு வாரம் கவனிக்காமல் விட்டால் தண்டு விரல் மொத்தத்துக்குத் தடித்துவிடும். மலிவான பாட்டரி மிஷின் அதைக் கடித்துக்கொண்டு நிற்கும், வெட்டாது. பெட்ரோலில் மலிவாகப் பார்ப்பதென்றால் பெட்டியில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் பல் உள்ள பிளேடு வேண்டும். பக்கவாட்டில் வெட்டும்போது கைப்பிடி திரும்ப வேண்டும். கடையில் தூக்கிப் பார்த்தால் எல்லாமே லேசாகத்தான் தெரியும்; நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு கடைக்காரனிடம் நாலு கேள்வி கேளுங்கள், அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் தோள்பட்டை உண்மையைச் சொல்லிவிடும். டூ-டி இஞ்சின் எண்ணெயைப் பெட்ரோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும். சும்மா பெட்ரோல் ஊற்றினால் இஞ்சின் போய்விடும். டேங்க் சின்னது, அடிக்கடி காலியாகும். காலியானதும் உடனே ஊற்றக் கூடாது, இஞ்சின் ஆறுகிறவரை காத்திருக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

என்னிடமே ஒன்று இருக்கிறது. பின்னால் ஸ்டோரில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு நாள்தான் ஓட்டியது. உங்களுக்குச் சும்மாவே கொடுத்துவிடலாம், ஆனால் கொடுக்க மாட்டேன். மிஷினை வைத்துக்கொண்டு இந்தக் கிழவன் ஏன் கத்தரிக்கோலால் மல்லுக்கட்டுகிறான் என்று உங்கள் மனைவி ஷாமினி உங்களிடம் கேட்டாளாமே. அதற்கும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பதில்.

நேற்று இன்னொன்றும் சொன்னீர்கள். ஷாமினிக்குப் பிரசவ மாதம் நெருங்குகிறது, நீங்கள் காலையில் ஷா ஆலமுக்கு வேலைக்குக் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புகிறீர்கள். "ஏதாச்சும்னா ஒரு சத்தம் கொடுன்னு சொல்லியிருக்கேன் அங்கிள், நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க" என்றீர்கள். நான் தலையாட்டிவிட்டேன். தலையாட்டியிருக்கக் கூடாது.

நீங்கள் வாங்கிய வீடு புஷ்பவல்லி அக்காவுடையது. ஏஜெண்டு சொல்லியிருப்பார், அல்லது சாமர்த்தியமாகச் சொல்லாமல் விட்டிருப்பார். புருஷன் போனபின் தனியாகத்தான் இருந்தார்கள். மகன் சிவநேசன் பெர்த்தில். தினமும் காலையில் பூஜைக்கு இந்த வேலியிலிருந்துதான் செம்பருத்தி பறிப்பார்கள். பிறகு மணிச் சத்தம் வரும். பிடியில் நந்தி உட்கார்ந்த சின்ன வெண்கல மணி. அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் என் மனைவி தாமரை அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். "மணி கேட்டாச்சு, அக்கா நல்லா இருக்காங்க" என்பாள். அவள்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தாள். பூஜை நேரம் இல்லாத நேரத்தில் மணி அடித்தால் நான் ஓட வேண்டும். சிவநேசனும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், உங்கள நம்பித்தான் அம்மாவ விட்டுட்டுப் போறேன்" என்றான்.

நான் ஓடத்தான் செய்தேன். பல்பு எரியவில்லை என்றால் மணி. கேஸ் சிலிண்டர் தோம்பு மாற்றவேண்டும் என்றால் மணி. பலாப்பழம் பழுத்த வாசனை வந்தால் அதற்கும் மணி. நான் முணுமுணுப்பேன், தாமரை சிரிப்பாள். முணுமுணுத்தாலும் போவதில் எனக்கு வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அக்கா போடும் தேநீர் அப்படி.

ஒருநாள் அக்கா வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மணி. போனேன், வாஷர் மாற்றினேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அக்கா வடை சுட்டு வைத்திருந்தார்கள். தேநீர் குடித்தேன், இன்னொரு கோப்பையும் வாங்கிக்கொண்டேன். தன் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்த கதையைச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேட்டேன். தாமரைக்கு என்று ஒரு கிண்ணத்தில் வடை கொடுத்தார்கள். அந்தக் கிண்ணத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது தாமரை சமையலறைத் தரையில் கிடந்தாள். அடுப்பில் குழம்பு கரிந்து புகைந்துகொண்டிருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் என்னைக் கூப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டிருப்பாள். நான் வடை தின்றுகொண்டிருந்தேன்.

இதற்காக அக்கா மேல் எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. குழாய் ஒழுகியது அவர்கள் குற்றமா? கருமக்கிரியை முடியும்வரை எனக்குச் சாப்பாடு அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. என்னைவிட அவர்கள்தான் அதிகம் அழுதார்கள். எல்லாம் முடிந்த ஒருநாள், இந்த வேலியோரம் நின்று பூப் பறித்தபடி சொன்னார்கள்: "பாவம் தாமரை. அவ கையிலயும் ஒரு மணி இருந்திருந்தா நீங்க ஓடிவந்திருப்பீங்க தம்பி."

ஆமாம் அக்கா என்றேன். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அன்றிலிருந்து பூஜையறையில் இருந்த மணியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். துணி துவைத்தாலும் குப்பை கொட்டினாலும் மணி கூடவே இருக்கும். நடக்கும்போது லேசாகக் கிணுங்கும். தாமரை கிடந்த தரையில் நின்றுகொண்டு நான் கஞ்சி கிண்டும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் அது கிணுங்கிக்கொண்டே போகும், வரும்.

அதன்பிறகுதான் வேலியை ஒழுங்காக வெட்ட வேண்டும் என்று தோன்றியது. மேரு சாலையில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். லோகன் என்ற பையன் கவனித்தான். என் வயதைப் பார்த்து பாட்டரி மிஷினைத்தான் முதலில் எடுத்து வைத்தான். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "அங்கிள், இது லேசு, சத்தமே வராது. அது பெட்ரோல், ரொம்ப பீசிங் லா, ஒரே இரைச்சல். வேல செய்யறப்ப பக்கத்துல யாரு கூப்பிட்டாலும் காதுல விழாது" என்றான்.

கடை வாசலில் அதை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னேன். கயிற்றை இழுத்தான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். லோகன் என்னவோ சொன்னான், வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. தாமரை போனபிறகு அன்றைக்குத்தான் என் தலைக்குள் ஒரு அமைதி வந்தது. இது போதும் என்று சைகை காட்டினேன். தண்டு மொத்தமாக இருப்பதால் பெட்ரோல் வாங்கினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். தண்டு மொத்தம்தான், நீங்களே பார்க்கிறீர்கள்.

புது மிஷின் என்பதால் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, விபூதி குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் வெட்டினேன். பழத்தைக் கொடுத்ததே அக்காதான். "பாத்து வெட்டுங்க தம்பி, கை பத்திரம்" என்றார்கள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தேன். வாசல் பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை, மேலே நேராக, பக்கம் நேராக. அன்றைக்கு வெட்டியதுபோல இந்த வேலி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மதியம் பக்கத்துத் தெருப் பெண் அக்காவைப் பார்க்க வந்தபோதுதான் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் அவர்கள் கிடந்ததைக் கண்டாள். பாசி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது, உயிர் இல்லை. கையில் மணி இருந்தது. நான் அப்போது வேலிக்கு இந்தப் பக்கம் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

போலீஸ்காரர் தன்மையாகத்தான் கேட்டார். மிஷின் ஓடும்போது எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றேன். அவர் மிஷினை ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து, எழுதிக்கொண்டார். நான் சொன்னது சத்தியமான உண்மை. இதுவரை யாரிடமும் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அங்கிளுக்கு ஏற்கெனவே காது மந்தம் என்று தெருக்காரர்களே பேசிக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

விழுந்தபிறகு வெகுநேரம் உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்று டாக்டர் சிவநேசனிடம் சொன்னாராம். பெர்த்திலிருந்து வந்த அந்தப் பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "அந்த மிஷின் சத்தத்துல யாருக்குத்தான் கேக்கும் அங்கிள், நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றான். போகும்போது அம்மா ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மணியை என் கையில் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் காட்டுவது? வாங்கிக்கொண்டேன்.

அதன் நாக்கைக் கழற்றிவிட்டேன். அப்படியும் காலையில் உங்கள் வீட்டுப் பக்கமிருந்து மணி கேட்கிறது. வீடு பூட்டிக் கிடந்தபோதும் கேட்டது. நீங்கள் வந்தபிறகு நின்றுவிடும் என்று நம்பினேன். போன வாரம் ஷாமினியிடம், காலையில் மணி அடித்துக் கும்பிடுகிறாயா அம்மா என்று கேட்டேன். "எங்ககிட்ட மணியே இல்ல அங்கிள், போன்லதான் பாட்டு போடுவேன்" என்றாள். பயமாக இருக்கிறது தம்பி. ஏதாவது ஓடி நிற்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. குப்பை லோரி வந்து இஞ்சினை அணைத்தால், குளிர்பெட்டி ஓடி அடங்கினால், அந்த அமைதிக்குள் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். பொத்தினாலும் பயனில்லை.

டேங்க் சின்னது என்று சொன்னேனே. வேலி வெட்டிய அன்றைக்கு முதல்முறை காலியாகி மிஷின் நின்றதும் மணி கேட்டது. குழாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை தடவைதான் ஓடுவது. இஞ்சின் ஆறவேண்டும், அதனால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். மணி விட்டு விட்டு அடித்தது, நான் பெட்ரோலும் எண்ணெயும் கலந்துகொண்டிருந்தேன். இஞ்சின் ஆறியதும் ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். சத்தம் வந்தது, மணி போய்விட்டது.

இரண்டாவது முறை நின்றபோது நான் பின்பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தேன். வெட்டியதில் வேலி மெலிந்து அந்தப் பக்கம் தெரிந்தது. அக்கா சிமெண்டில் ஒருக்களித்துக் கிடந்தார்கள், முகம் என் பக்கம்தான். மிஷின் ஓடும்போது அடித்துப் பிரயோசனம் இல்லை என்று, அவ்வளவு நேரமும் அது நிற்கக் காத்திருந்திருக்கிறார்கள். மணியை ஒருமுறை ஆட்டினார்கள். என்னைப் பார்த்து அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "நின்னுருச்சா தம்பி? இப்ப கேக்குதா?" என்றார்கள்.

நான் இஞ்சின் ஆறுகிறவரை காத்திருந்தேன். அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் காத்திருந்தேன். பிறகு ஊற்றினேன், கயிற்றை இழுத்தேன். மூன்றாவது முறை நின்றபோது ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் பாட்டரி மிஷினே வாங்குங்கள் தம்பி, தண்டைக் கையால் வெட்டிக்கொள்ளலாம். ஷாமினிக்குத் துணையாக வேறு யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். என்னை நம்பிச் சத்தம் கொடுக்கச் சொல்லாதீர்கள். காது கேட்காது என்பதற்காக அல்ல, என் காதில் ஒருநாளும் ஒரு குறையும் இருந்ததில்லை.