சோத்தாங்கைப் பக்கம் இழுக்கும் வண்டி

ரோச்: இப்ப ஸ்டீரிங்க விட்டுப் பாருலே வளன். விடு… பாத்தியா? தானா சோத்தாங்கைப் பக்கம் போவுதுல்லா.

வளன்: ஒடஞ்ச ஸ்பிரிங் பட்டையத்தான் மாத்திட்டியளே அண்ணாச்சி. இன்னுமா இழுக்கு?

ரோச்: பட்டைய மாத்துனா வண்டி நிமிரும். நேராப் போவணும்னா முன்சக்கரம் ரெண்டுக்கும் நேர் பாக்கணும். அது வேற சோலி.

வளன்: என்ன சோலியோ, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க. நாளைக்குக் காலம்பற கல்கத்தா சேட்டு உப்பு பாக்க வாராரு. இந்த வண்டியில உக்கார வச்சு உப்பளம் பூரா நான்தான் சுத்திக் காட்டணும். வரப்போ இத்தினிக்காண்டு. அதுல போவும்போது சோத்தாங்கைப் பக்கம் இழுத்துச்சுன்னு வையுங்க…

ரோச்: சேட்டு உப்புப் பாத்திக்குள்ள.

வளன்: சேட்டு பாத்திக்குள்ள, என் வேல கடலுக்குள்ள. வேல போச்சுன்னா எனக்கு எவன் அண்ணாச்சி பொண்ணு குடுப்பான்?

ரோச்: ஓ… பொண்ணு கேக்குத நெனப்பெல்லாம் உண்டோ?

வளன்: சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ரோச்: பேச்சுக்குத்தான… சரி சரி. வெள்ளக்காரன் புல்லுத்தரையில கோல்ஃப் பந்தடிக்கப் போற வண்டிய உப்பளத்து வரப்புல ஓட்டுனா, அதுந்தான் என்ன செய்யும்.

வளன்: நானா வாங்குனேன்? புது ஹார்பர் தோண்ட வந்த கம்பெனிக்காரன் போவும்போது வித்துட்டுப் போனான். எங்க இசக்கியப்பன் முதலாளி ஆசப்பட்டு எடுத்துட்டாரு. பெட்ரோல் வேண்டாம், பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துனா போதும், சத்தமும் கெடையாதுன்னு.

ரோச்: சத்தம் கெடையாது. உனக்கு நல்ல தோது.

வளன்: எனக்கென்ன தோது?

ரோச்: ஒண்ணுமில்ல. கொட்டகைக்கு வந்தாச்சுன்னு ஏன் எறங்குத? திரும்ப ஏறி உன் எடத்துல உக்காரு. நான் சக்கரத்தோரமா இந்தத் தங்கூசக் கட்டி நேர் பாக்கேன்.

வளன்: மீன் புடிக்குத நரம்ப வச்சா பாக்கிய?

ரோச்: இருபது வருசமா போட்டு எஞ்சினுக்கு இத வச்சுத்தான் பாக்கேன். எந்தப் போட்டும் இதுவர கரையேறி வந்து என்னச் சண்டைக்கு இழுக்கல. ஏறு.

வளன்: நான் எதுக்கு ஏறணும்? வெறும் வண்டிக்குப் பாத்தா ஆவாதா?

ரோச்: ஆவாது. ஆளு ஏறுனா ஸ்பிரிங் அமுங்கும், அமுங்குனா சக்கரம் திரும்பும். என்ன பாரத்தோட ஓடுதோ அந்தப் பாரத்த வச்சுத்தான் பாக்கணும். ஆங்… உக்காந்தாச்சா? ஸ்டீரிங் பீச்சாங்கைப் பக்கம், அதுல நீ. இந்தப் பக்கம் தெனமும் யாரு உக்காருதா?

வளன்: முதலாளிதான். வேற யாரு?

ரோச்: இசக்கியப்பன் முதலாளியா? காத்தடிச்சா வேட்டியோட சேந்து பறக்குத மனுசன்லா அவரு. அவரு உக்காந்தா ஸ்பிரிங் ஒடஞ்சுது?

வளன்: வரப்புல கல்லு கெடந்துச்சு. கவனிக்காம ஏத்திட்டேன்.

ரோச்: கல்லு ஒரு நாளைக்குக் கெடக்கும். டயரப் பாரு, மாசக்கணக்காத் தேஞ்சிருக்கு. வெளிப்பக்கம் மழமழன்னு ஆயிட்டு. பாரம் பூரா இந்தப் பக்கமே எறங்கியிருக்கு.

வளன்: சில நாளு உப்பு மூட்டை ஏத்துவோம்.

ரோச்: உப்பு மூட்டை வெத்தில போடுமாலே?

வளன்: என்னது?

ரோச்: இந்தப் பக்கத்து மட்கார்டு பூராச் செவப்பா வழிஞ்சிருக்கே.

வளன்: அது… கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளையும் எப்பமாவது ஏறுவாரு.

ரோச்: பேச்சிமுத்துப் பிள்ளையா? அவருக்குத்தான் பல்லு ஒண்ணுகூட கெடையாதே.

வளன்: இடிச்சுப் போடுவாரு.

ரோச்: சீட்டுக்கடியில கருவாட்டுச் செதிலு கெடக்கே. சைவப் பிள்ளை அதையும் இடிச்சா போடுதாரு?

வளன்: நேர் வந்துட்டா அண்ணாச்சி?

ரோச்: ஏம்லே நெளியுத? அசையாம உக்காரு. நீ அசஞ்சா நேரும் அசையும்.

வளன்: வெயிலு அண்ணாச்சி.

ரோச்: கொட்டகைக்குள்ள என்ன வெயிலு… ஏலே, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?

வளன்: இல்லியே.

ரோச்: நல்லா யோசி. ஈஸ்டரு பாஸ்கா முடிஞ்சு இத்தன மாசமாச்சு.

வளன்: பாஸ்காவுக்கும் வண்டிக்கும் என்ன?

ரோச்: ஒண்ணுமில்ல. நானும் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். சரி, நாளைக்கு ஏறுத சேட்டு எப்படி, உடம்பு?

வளன்: போன வருசம் வந்தாரு. அவரு எறங்குன பெறவுதான் அம்பாசிடரு நிமிந்து மூச்சு விட்டுச்சு.

ரோச்: அப்ப அந்தப் பாரத்துக்கு ஒரு ஆளு வேணும். மூட்டை வச்சா சரியும்… யம்மா. யம்மோவ். இங்கன கொஞ்சம் வா.

வளன்: யாரக் கூப்பிடுதிய?

ரோச்: எங்கம்மாவ. அந்தப் பாரத்துக்குத் திரேஸ்புரத்துல வேற ஆளு கெடையாது.

வளன்: வேண்டாம் அண்ணாச்சி. பெரியவுக… முட்டுவலியோட எதுக்குச் சிரமப்படுத்தணும்.

ரோச்: அவளுக்கு முட்டுவலின்னு உனக்கு யாரு சொன்னா?

வளன்: வயசானா எல்லாருக்கும் வாரதுதான…

அல்போன்சா: என்னலே ரோச்சு? கருவாடு காயப் போட்டது போட்டபடி கெடக்கு. காக்கா தூக்கிரும்.

ரோச்: இந்த வண்டியில சித்த நேரம் உக்காரணும்மா. நேர் பாக்கணும்.

அல்போன்சா: நானா? இதுலயா? இது என்ன வண்டியோ, எழவோ. நான் கண்டதே இல்லியே. தம்பி யாரு? எந்த ஊரு?

வளன்: ஆலந்தலை… பெரியம்மா.

அல்போன்சா: நல்லாருக்கட்டும். எப்படி ஏறணும்னே தெரியலியே. எந்தக் காலத் தூக்கி வைக்கணுமோ…

ரோச்: அதான் ஏறிட்டியே. கம்பியக்கூட கரெக்டாப் புடிச்சிட்ட. சீட்டுக்கடியில கைய விட்டு எதத் தேடுத?

அல்போன்சா: பலகைய. காலு வைக்கதுக்கு இங்கனதான ஒரு பலகை கெடக்கும்.

வளன்: அத எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன் மாமி.

ரோச்: என்னது?

வளன்: பெரியம்மான்னு சொல்ல வந்தேன்.

ரோச்: மாமி. ம்… கண்டதே இல்லாத வண்டி, யாருன்னே தெரியாத தம்பி. ஏலே, வண்டிக்குத்தான் சத்தம் கெடையாது. எங்கம்மாவுக்குமா கெடையாது? மாதா கோயில் வரைக்கும் 'மெதுவாப் போலே, மெதுவாப் போலே'ன்னு கத்திக்கிட்டே போறா. தெருவே வாசல்ல நின்னுல்லா பாக்கு.

வளன்: தப்புதான் அண்ணாச்சி. முதலாளிக்குத் தெரியாது, தெரிஞ்சா சீட்டக் கிழிச்சிருவாரு. கோயிலுக்கு, சந்தைக்கு, முட்டுக்கு எண்ணெ போட வைத்தியரு வீட்டுக்கு. வேற எங்கயும் போவல.

அல்போன்சா: கப்பல் பாக்க ஹார்பருக்கு ஒரு நாளு போனோம்லா.

வளன்: மாமி, நீங்க சும்மா இருங்க.

ரோச்: அந்த நட்ட முறுக்கிட்டு வாரேன், பேச்ச நிப்பாட்டிராதிய… இன்னும் கொஞ்சம்… ஆங். தங்கூசு ரெண்டு டயரையும் ஒட்டி நிக்கி. நேர் வந்துட்டு. நாளைக்கு உன் சேட்டு நனைய மாட்டாரு, உன் வேலையும் போவாது. இப்ப நீ நேர் வா. எதுக்குலே எங்கம்மாவச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்ச?

வளன்: சொல்லிருதேன். எனக்கு இசபெல்லாவக் கெட்டிக்கணும். உங்க தங்கச்சியத் தவிர வேற ஒருத்திய எனக்கு நெனைக்கவே முடியல. மாமிகிட்டச் சொன்னேன். 'ரோச்சு பெரிய கோவக்காரன், சுத்தியலத் தூக்கிட்டு வருவான், நான் நேரம் பாத்துப் பேசுதேன், அதுவர நீ வாயத் தொறக்காத'ன்னாவ.

ரோச்: நான் கோவக்காரனா?

வளன்: வாரா வாரம் கேப்பேன். 'இப்பத்தான் கொஞ்சம் எளகியிருக்கான்'ம்பாவ. மாதா திருநாளு சமயத்துல திரும்பவும் எறுகிட்டியளாமே.

ரோச்: எறுகிட்டேனா? ஏலே, பாஸ்காவுக்கு மறுநாளு எங்கம்மா உங்கிட்ட என்ன சொன்னா?

வளன்: அடுத்த சனிக்கிழம வெள்ளன வரச் சொன்னாவ.

ரோச்: அவ்வளவுதானா?

வளன்: காலு வைக்க ஒரு பலகையும் கொண்டாரச் சொன்னாவ.

ரோச்: அட பாவி மனுசா. பாஸ்கா அன்னைக்கே அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன்லே. 'பையன் நல்லவன், எனக்குச் சம்மதம், இசபெல்லாவும் சரிங்கா, வீட்டுப் பெரியவுகளக் கூட்டிட்டு வரச் சொல்லு'ன்னு. அன்னையிலருந்து ஞாயித்துக்கிழமைன்னா வெள்ளை வேட்டியக் கெட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். நீ என்னடான்னா வண்டியோட தெருமுக்கு வரைக்கும் வாற, அங்கனயே அம்மாவ ஏத்துத, போயிருத. பொண்ணக் கேக்க மாட்டேங்கான், ஆத்தாள மட்டும் விடாமக் கூட்டிட்டுப் போறானே, இவன் என்ன ரகம்னு எனக்குத் தூக்கமே வரல.

வளன்: பாஸ்காவுக்கேவா? அப்பவே சம்மதமா? அதான் இசபெல்லா என்னக் கண்டாலே மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறாளா… நான் இத்தன மாசமும் உங்களக் கண்டு பயந்து பயந்து செத்தேன் அண்ணாச்சி.

ரோச்: நான் உன்ன நம்பாமச் செத்தேன்.

வளன்: மாமி…

அல்போன்சா: நேர் பாத்து முடிஞ்சிட்டுல்லா? நான் எறங்கட்டா? கருவாடு…

ரோச்: எறங்காத. கருவாடு எங்கயும் போவாது. ஏம்மா இவன்கிட்டச் சொல்லல?

அல்போன்சா: சொல்லணும்னுதான் இருந்தேன்.

வளன்: எப்ப மாமி?

அல்போன்சா: ஆளாளுக்கு மெரட்டாதிய. சம்மதம்னு சொன்ன நிமிசமே இவரு வீட்டு மாப்பிள்ளை. நடுவீட்டுல பாய விரிச்சு உக்கார வச்சு, நான் கதவு மறைவுல நின்னுல்லா பேசணும். மாப்பிள்ளையப் பாத்து, 'ஏலே, கருவாட்டுப் பெட்டியத் தூக்கி வையி, வண்டியச் சந்தைக்கு விடு'ன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? நான் மரியாதை தெரிஞ்சவ.