கழுவிய மூன்று பை பருத்தி விதை

நடந்ததில் எதையும் மறைக்காமல், நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா பக்கத்தில் இருக்கிறார்.

இந்த மாதம் மூன்றாம் தேதி அப்பா விதைக் கடையிலிருந்து நான்கு பை பருத்தி விதை வாங்கி வந்தார். விதைகள் சிவப்பாக இருந்தன. அந்தச் சிவப்பு நஞ்சு என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். மறுநாள் விதை ஊன்றப்போகும் அம்மாவின் உள்ளங்கையில் வெடிப்பு இருந்ததால், யாரிடமும் சொல்லாமல் மூன்று பை விதையைக் கழுவிக் காயவைத்து, திரும்பப் பையில் போட்டேன். நான்காவதைப் பிரிக்குமுன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். நிறம் முழுவதும் போகாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தச் சிவப்பு, முளையைப் பூஞ்சாணத்திலிருந்து காக்கும் மருந்து என்றும், கையுறை போட்டால் போதும் என்றும் அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிறகுதான் படித்தேன்.

நான்காம் தேதி விதை ஊன்றினோம். அதன் பின் நான்கு நாள் மழை பெய்தது. பத்தாம் நாள் பருத்திக் கன்றுகள் திட்டுத் திட்டாகச் சாய்ந்தன. நான்காவது பையை ஊன்றிய மேற்கு ஓரம் மட்டும் நின்றது. "அங்க தண்ணி தேங்கல, அதான்" என்றார் அப்பா. நானும் ஆமாம் என்றேன்.

அதன் பின் சாய்ந்த கன்றுகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் விதைக் கடைக்குப் போனோம்.

"வாங்க டாக்டரம்மா, பேஷண்டைக் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார் கடைக்காரர் என்னிடம். ஒரு கன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மண்ணை ஒட்டின இடத்துல பாருங்கண்ணே, பழுப்பேறி நூலாட்டம் இளைச்சிருக்கு. பூஞ்சாணந்தான். மருந்து ஏத்தின விதையில இவ்வளவு சாயாதே. கழுவினீங்களா?"

"விதையைக் கழுவ நாங்க என்ன பைத்தியமா? வெறும் சாயத்தைத் தடவி வித்துட்டு எங்களையே கேக்குறியா?" என்றார் அப்பா.

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன்.

அதன் பின் அப்பா வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுத்தார். நேற்று மதியம் அதிகாரிகள் உரிமத்தை நிறுத்திவைத்துக் கடையைப் பூட்டினார்கள். கடைக்காரர் சாயம் தடவி விற்கவில்லை. மருந்தைக் கழுவியது நான். அப்பாவுக்கு இன்று காலைதான் சொன்னேன். அவர் இந்த அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. கையெழுத்துக்கு முன் ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். கடையைப் பூட்டும்போது நான் எதிரே நின்றேன். கடைக்காரர் என்னிடம், "அப்பாகிட்ட சொல்லும்மா, சாஞ்சதப் பிடுங்கி எரிச்சிடணும். மிச்சக் கன்னுக்கு இப்போ தண்ணி விட வேணாம்" என்றார். அதன் பின் கடையின் விளக்குகள் அணைக்கப்பட்டன.