பம்மலில் ஒரு வாசகர்

தாம்பரத்தில் ரயில் கிளம்பியதும் எதிர் சீட்டுப் பெண் டேப்லெட்டைப் பார்த்துப் பக்கத்திலிருந்த அக்காவிடம் கத்தினாள்.

“அக்கா, பம்மல்ல யாரோ நம்மளப் படிக்கிறாங்க!”

இருவரும் சேர்ந்து மொபைல் ஆப்பில் ஒரு மாத இதழ் நடத்துகிறார்கள். பேச்சில் தெரிந்தது. யார் எந்த ஊரில் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பது டேப்லெட்டில் அப்போதைக்கப்போது தெரியுமாம்.

அக்கா நம்பவில்லை. “உன் மாமியாரா இருக்கும்.”

“போன்ல இடம் இல்லன்னு அவங்க போன வாரமே நம்ம ஆப்பைத் தூக்கிட்டாங்க.”

“உன் தம்பி?”

“அவனா? லைக் போடுவான், படிக்க மாட்டான்.”

“அப்போ நெஜமாவே வெளியாளா? சொந்தக்காரங்களத் தவிர ஒருத்தராவது என் கதைய முழுசாப் படிக்கலன்னா, இந்த மாசத்தோட நிறுத்திரலாம்னு இருந்தேன்டீ.”

“உன் கதையிலதான்க்கா நிக்கிறாங்க. ரொம்ப நேரமா அதே பக்கம்.”

“தூங்கிட்டாங்களோ?”

“ஐயோ, திருப்பிட்டாங்க!”

இருவரும் கைதட்டினார்கள். பூ விற்கும் அம்மாவும் காரணம் தெரியாமல் தட்டினார்.

குரோம்பேட்டை வந்தது.

“அக்கா, நம்ம ஸ்டேஷன். எழுந்திரு.”

“உட்காருடீ. இன்னும் ஒரு பக்கம் இருக்கு. அவங்க முடிக்கட்டும்.”

பல்லாவரத்தில்தான் கதை முடிந்தது. இறங்கி, திரும்பிப் போகும் ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். அக்காவின் குரல் ஜன்னல் வரை கேட்டது.

“அடுத்த மாசம் என்ன எழுதலாம்டீ?”