பெரிய வெள்ளிக்கு ரஜா

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் போகும் காலை ரயிலில் ஒரு மில் மேஸ்திரியும், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் அந்தோணியும் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"தசராவுக்கு ரஜா உண்டு, பக்ரீத்துக்கு உண்டு. உன் பெரிய வெள்ளிக்குக் கிடையாதுப்பா. இன்னிக்கு வரலேன்னா வேலை போயிடும்."

"நான் கோயிலுக்குத்தான் போறேன், மேஸ்திரி."

"எல்லாரும் சாமி பொறந்த நாளுக்கு ரஜா கேப்பாங்க. நீ என்னடான்னா, செத்த நாளுக்குக் கேக்கறியே!"

அந்தோணி அவர் பக்கம் திரும்பினார்.

"சாவு விழுந்த வீட்டுலேர்ந்து யாராச்சும் வேலைக்கு வருவாங்களா?"

மைசூரில் இறங்கும்போது மேஸ்திரி, "வீட்டுல சாவுன்னு முதலாளிகிட்ட சொல்லிக்கறேன், போ" என்றார்.

"செத்தது யாருன்னு கேட்டா மறைக்காதீங்க. பேரையே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அந்தோணி மாதா கோயில் பக்கம் நடந்தார்.