நாக்குக்கு அடியில் ஒன்று

என் கடையில் இருமல் மிட்டாய் அதிகம் விற்பதற்குக் காரணம் இருமல் இல்லை. ஆண்மைக் குறைவுக்கான அந்த மாத்திரை வாங்க வருகிறவர்கள் முதலில் இருமல் மிட்டாய்தான் கேட்பார்கள். அடுத்தது தலைவலித் தைலம். கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதியான பிறகு, நான்காக மடித்த மருந்துச் சீட்டு சட்டைப் பையிலிருந்து வெளியே வரும். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஒருவரைப் பார்த்தும் சிரித்ததில்லை. சர்க்கரை மாத்திரை கொடுக்கும்போது எப்படி இருக்குமோ அதே முகத்தோடுதான் கொடுப்பேன். கொடுக்கும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்.

"நெஞ்சுவலிக்கு மருந்து ஏதாவது எடுக்கறீங்களா? எப்பவாவது நாக்குக்கு அடியில வெச்சுக்கற மாத்திரைகூடச் சொல்லணும்."

ஆமாம் என்றால் அந்த மாத்திரை திரும்ப அலமாரிக்குப் போய்விடும். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். மயங்கி விழுந்து எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இதற்காக என்னோடு சண்டை போட்டுவிட்டுக் கடைக்கு வருவதையே நிறுத்தினார். இன்றைக்கும் காலையில் என் கடை வழியாகத்தான் நடைப்பயிற்சி போகிறார், என்னைப் பார்க்காதமாதிரி.

ஒரே ஒருவரிடம்தான் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. நீங்கள் அவரைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள்.

நான் சந்தேகப் பேர்வழி இல்லை. என் தொழில் அப்படி. காலாவதித் தேதி, அளவு, டாக்டரின் கையெழுத்து என்று எதையும் இரண்டு தடவை பார்த்துப் பழகிய கண். வீட்டுக்குப் போனதும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியாது.

என் மனைவி நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். "யாரையும் எதிர்பாக்காம எங்க அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வரணும்ங்க" என்றாள். நியாயம்தான். நானே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். பள்ளியை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தொப்பை, வெள்ளைத் தொப்பி, எப்போதும் ஏதாவது வேடிக்கைப் பேச்சு. முதல் வாரத்திலிருந்தே அவள் சிரித்துக்கொண்டு வீடு திரும்பினாள். "கிளட்சை மெதுவா விடணுமாம், மாமியார் கையை விடற மாதிரி. படக்குன்னு விட்டா வண்டி கோவிச்சுக்குமாம்." சொல்லிவிட்டுத் தனியாக வேறு சிரிப்பாள். இருபது வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் இரண்டாவது தடவை சிரித்ததில்லை.

முப்பது வகுப்பு என்றார்கள். முப்பது முடிந்தது. அவள் போய்க்கொண்டே இருந்தாள். நாற்பத்து மூன்று வரை எண்ணினேன். கேட்டால், "இன்னும் கை வரலைங்க" என்றாள். கை வராததற்கு, வார் வைத்த புதுச் செருப்பு எதற்கு என்று கேட்டேன். பெடலில் வழுக்காமல் இருக்க என்றாள். எதைக் கேட்டாலும் உடனே பதில் வந்தது. உடனே வருகிற பதிலை நான் நம்புவதில்லை. ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய் அந்த மைதானத்துக்கு எதிரில் நின்று பார்த்தேன். கியரின் மேல் அவள் கை. அதன் மேல் அவர் கை. எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அது எனக்கும் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "மாஸ்டர் வண்டியில ஒரு சின்ன பாட்டில் வெச்சிருக்கார். எப்பவாவது நெஞ்சைப் பிடிச்சா நாக்குக்கு அடியில ஒண்ணு வைக்கணுமாம். ஓட்டிட்டு இருக்கும்போது ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் வைக்கணும்னு என்கிட்ட சொல்லியிருக்கார். அது நல்ல மருந்துதானேங்க?"

"நல்ல மருந்துதான்" என்றேன். பொய் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மாஸ்டர் என் கடைக்கு வந்தார். இருமல் மிட்டாய் கேட்கவில்லை. நேராகச் சீட்டை நீட்டினார். "கூச்சமாத்தான் இருக்கு சார். தெரிஞ்ச இடம், நீங்க நல்லபடியா சொல்வீங்கன்னு வந்தேன்." பக்கத்துத் தெரு டாக்டர் எழுதிய சீட்டு. நெஞ்சுக்கு வேறு டாக்டரிடம் பார்க்கிறார் போலிருக்கிறது. வருடத்தில் இரண்டு மூன்று தடவை வைத்துக்கொள்கிற மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகத்தான் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

தப்பு செய்கிறவன் புருஷன் கடைக்கே வந்து வாங்குவானா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அப்படி நினைக்கட்டும் என்றுதான் வந்திருப்பார் என்றும் நினைத்தேன்.

நான்கு மாத்திரையை அட்டையிலிருந்து கத்தரித்து உறையில் போட்டேன். எச்சரிக்கைத் தாள் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும், அதனால்தான் வாயால் சொல்கிற வழக்கம் வைத்திருந்தேன். அவருக்கும் சொன்னேன். "ஒரு நாளைக்கு ஒண்ணுதான். வேலை செய்யலைன்னு இன்னொண்ணு போட்டுடாதீங்க. குடிச்சிட்டுப் போடாதீங்க. பார்வை மங்கினாலோ, சில மணி நேரத்துக்கு அப்புறமும் அடங்காம வலிச்சாலோ உடனே ஆஸ்பத்திரி போயிடுங்க."

பள்ளிப் பையன்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "வேற எதாவது பாத்துக்கணுமா சார்?"

"அவ்வளவுதான்" என்றேன்.

போகும்போது, "உங்க வீட்டம்மா சீக்கிரமே நல்லா ஓட்டிடுவாங்க சார்" என்றார்.

அந்த மாத்திரை ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் நிற்கும். டாக்டர் எழுதியதே அந்த வகைதான், நான் மாற்றவில்லை. வியாழக்கிழமை காலை நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"என்னங்க, மாஸ்டருக்கு நெஞ்சு வலிக்குதாம், வேர்த்துக் கொட்டுது. வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். அந்த பாட்டில் கையில இருக்கு. வைக்கட்டுமா?"

பின்னால் அவருடைய மூச்சு கேட்டது. வைக்காதே, அவரைப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு, என்னிடம் வாங்கிப்போன மாத்திரையைப் பற்றி அவர்களிடம் சொல்லு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு மூன்று நொடி போதும்.

"அவர் என்ன சொல்லியிருக்காரோ அதைச் செய்" என்றேன். ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு வாசலைப் பெருக்கினேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாஸ்டரின் மனைவி என் கடை முத்திரை போட்ட உறையோடு வந்தார். உள்ளே மூன்று மாத்திரை இருந்தது. "இது எதுக்குன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார். "ரெண்டு வருஷமா நாங்க சரியாப் பேசிக்கக்கூட இல்ல. டாக்டர்கிட்ட போறேன்னு அவரே சொன்னார். எனக்காகத்தான் போனார். இதனால ஏதாவது ஆகியிருக்குமா?" டாக்டர் எழுதியதைத்தான் கொடுத்தேன் என்றேன். அங்கிருந்து அவர் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறார்.

அந்த வாரமே அலமாரியில் புடவைகளுக்கு நடுவே ஒரு காகிதம் கிடைத்தது. என் மனைவி ஓட்டுநர் தேர்வில் இரண்டு தடவை தோற்றிருக்கிறாள். தேதிகளைச் சரிபார்த்தேன். கூடுதலாகப் போன பதின்மூன்று வகுப்பும் அதற்காகத்தான். என்னிடம் சொன்னால் குத்திக் காட்டுவேன் என்று பயந்திருக்கலாம். இருக்கட்டும். மறைக்கத் தெரிந்தவள் ஒன்றை மட்டும்தான் மறைத்திருப்பாள் என்று எப்படி நம்புவது?

நீங்கள் போன் விவரத்தை முன்னால் வைத்து, பத்தொன்பது நொடி என்ன பேசினீர்கள் என்று கேட்டீர்கள். அப்படியென்றால் அவள் உங்களிடம் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காருக்குள் அவரும் அவளும் மட்டும் இருந்த கடைசி நிமிடத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

இப்போது அவள் வண்டியைத் தொடுவதில்லை, சிரிப்பதும் இல்லை. வீட்டிலேயே இருக்கிறாள். பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு மாதமாக ஒரே வார்த்தையைச் சொல்லி அழுகிறாள்: "என் கையாலதான் போனார். என் கையாலதான்." எங்கள் வீட்டில் எதையும் அவள் இவ்வளவு அழுத்தமாக 'என்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. இந்தச் சாவும் அவர்கள் இரண்டு பேருக்குள்ளேயே இருந்துவிடுமோ என்று பார்த்தேன். பொறுக்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவர் என் கையால்தான் போனார். தெரிந்தேதான் கொடுத்தேன், தெரிந்தேதான் வைக்கச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். முதல் பிரதியை மட்டும் அவளிடம் காட்டுங்கள்.